பருவக்காற்றும் நங்கூரக்கல்லும்

இலங்கை மலையகத்தின் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தை பிறந்து பங்குனி முடியும் வரை ஸ்டோர்க்காரர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். பகலில் வெயில், இரவில் உறைபனிக்குக் கிட்டிய குளிர், கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். திம்புள்ளப் பகுதித் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் பருவம் அதுதான். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் கதை தலைகீழ். அங்கே ஆடி, ஆவணியில்தான் காற்று வறளும். அந்த நாட்களில் வட்டகொடை தூறலிலும் மூடுபனியிலும் நனைந்துகொண்டிருக்கும்.

தேயிலைக்குப் பருவம் வகுத்த இதே காற்றுகள்தான், தேயிலை வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, தீவின் துறைமுகங்களுக்கும் தவணை வைத்தன. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது காலித் துறையில் கப்பல் நிறுத்துவது ஆபத்து. திருகோணமலை அப்போது மலைகளின் மறைவில் இருக்கும். மார்கழியில் வடகீழ்க் காற்று எழுந்தால் திருகோணமலைக்கு வெளியே கடல் கொந்தளிக்கும், காலி அடங்கிவிடும். பாய்மரக் கப்பலின் மாலுமி எந்த மாதம் எந்தத் துறையை நம்பினான் என்பதும், தோட்டத்தில் எந்த மாதம் எந்த மலையில் நல்ல கொழுந்து கிடைக்கும் என்பதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். ஆகவே பழந்துறைமுகங்களைப் பற்றிய பேச்சை வட்டகொடையின் 1,300 மீட்டர் உயரத்திலிருந்து தொடங்குவதில் விநோதம் ஒன்றுமில்லை.

கடலடித் தொல்லியல் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது மூழ்கிய நகரங்களைப் பற்றித்தான். பூம்புகார் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, குமரிக்கண்டம் கிடைத்ததா என்று கேட்பார்கள். பூம்புகாருக்கு அப்பால், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவில் ஓர் அமைப்பு இருப்பதை 1990களின் தொடக்கத்தில் கோவாவிலுள்ள இந்திய தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா, கட்டியதென்றால் எப்போது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிடக் கரையிலேயே கிடைத்தது பெரிதாகப் படுகிறது. 1960களில் கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அதில் நட்டிருந்த மரத்தூணின் காபன் காலக்கணிப்பு அதைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறது. கேரளத்துப் பட்டணத்தில் 2007இல் இப்படி ஒரு துறையும், ஒற்றை மரத்தில் குடைந்த ஆறு மீட்டர் நீளத் தோணியும், படகு கட்டும் தேக்கு முளைகளும் சேற்றுக்குள்ளிருந்து வந்தன.

இவை ஆற்றோரத் துறைகள். படகை முளையில் கட்டிவிட்டு இறங்கிப் போகலாம். கடலில் நிற்கும் பெரிய கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு கயிறும் அதன் நுனியில் ஒரு நங்கூரமும்தான். அந்த நங்கூரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் அறுந்தும், சிக்கியும், கைவிடப்பட்டும் கடலடியில் கிடக்கின்றன. ஒரு துறைமுகத்தின் வருகைப் பதிவேடு என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் கல் குவியல்தான். மூழ்கிய கோபுரங்களைத் தேடுகிறவர்கள் அதைத் தாண்டி நீந்திப் போய்விடுகிறார்கள்.

நங்கூரம் வெறும் பாரத்தால் கப்பலைப் பிடிக்கிறது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. நீரில் மூழ்கிய எதுவும் தான் ஒதுக்கிய நீரின் எடையளவு இலகுவாகும். கருங்கல் கடல்நீரைவிட இரண்டரை மடங்கே அடர்த்தியானது. கரையில் 100 கிலோ இருக்கும் கல் கடலுக்குள் ஏறத்தாழ 61 கிலோவாகிவிடும். அதே 100 கிலோ இரும்பு 87 கிலோவாக நிற்கும். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தள்ளும் கப்பலின் இழுவை பல நூறு கிலோவைத் தாண்டும்போது 61 கிலோக் கல் தரையில் உருண்டுகொண்டே போகும். உண்மையில் பிடிப்பது நிலம். நங்கூரத்தின் கை மண்ணுக்குள் இறங்க வேண்டும், இழுவை கிடைமட்டமாக வர வேண்டும். மண்வெட்டியைக் கொத்தித் தன் பக்கம் இழுத்தால் மண்ணைக் கவ்வும், காம்பை மேலே தூக்கினால் கழன்று வந்துவிடும், நங்கூரமும் அதேதான். அதனால் 10 மீட்டர் ஆழத்தில் நிற்கும் கப்பல் 50, 60, சில நேரம் 70 மீட்டர் கயிறு விட வேண்டும். கயிறு குறைந்தால் கோணம் நிமிரும், பிடி விடும்.

இரும்புச் சங்கிலி 19ஆம் நூற்றாண்டில்தான் கப்பல்களில் பரவியது. சங்கிலியின் பாரமே அதைத் தரையோடு படிய வைக்கும். அதற்கு முன் நம் கடல்களில் தென்னைநார் வடம். கயிற்று நார் நீரில் மிதக்கும் குணமுள்ளது, எனவே கோணம் நிமிரவே பார்க்கும். மறுபக்கம் அது நீண்டு கொடுக்கும், அலையின் உதறலைத் தாங்கும். ஒரு நங்கூரத்தை நம்பாமல் மூன்று, நான்கு எனக் கப்பலில் ஏற்றிக்கொண்டதற்கு இதெல்லாம் காரணம். ஒவ்வொரு துறையிலும் ஒன்றிரண்டு அறுந்து விழுவதும் வழமை.

இந்தியாவின் மேற்குக் கரைக் கடலில் கிடைக்கும் கல் நங்கூரங்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்குகின்றன. நடுவில் ஓட்டை போட்ட வட்டக்கல் ஒன்று. மேலே ஒரு துளை, கீழே இரு துளையுடன் முக்கோணமாகச் செதுக்கியது இன்னொன்று. மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமானது. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சதுரத் தூணாகச் செதுக்கி, மேல் நுனியைச் சற்று ஒடுக்கி, அங்கே வடம் கோக்க வட்டத் துளை இட்டிருப்பார்கள். அடிப்பகுதியில் இரண்டு சதுரத் துளைகள், ஒன்றுக்கொன்று குறுக்கான திசையில். அவற்றில் கூர்சீவிய மரக் கட்டைகளைச் செருகினால் நான்கு பக்கமும் கை நீளும். எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு கை மண்ணைத் தொடும். கல் பாரத்தைத் தருகிறது, மரம் பிடியைத் தருகிறது. இதை ஆய்வாளர்கள் இந்திய-அரபு வகை என்கிறார்கள். துவாரகை, சோமநாத், கோவா எனத் தொடங்கி ஓமான், பாரசீகக் கரையின் சிராஃப், ஆபிரிக்காவின் கென்யா வரை இந்த ஒரே வடிவம் கிடைத்திருக்கிறது. காலித் துறையிலும் ஒன்று கிடைத்தது. துவாரகையிலும் பேட் துவாரகையிலும் மட்டும் எல்லா வகையும் சேர்த்து நூற்றுக்கு மேல்.

கல்லின் வயதைக் கல் சொல்லாது. மலை உறைந்த காலம் தெரியலாமே தவிர, உளி பட்ட காலம் தெரியாது. சதுரத் துளைக்குள் மரத்துண்டு ஒட்டியிருந்தால் காபன்-14 மூலம் கணிக்கலாம். பெரும்பாலும் கப்பற்புழு அதைத் தின்று தீர்த்திருக்கும். சுற்றிலும் கிடக்கும் பானையோடு, கரையில் நங்கூரக்கல் மறுபடி பயன்பட்ட கட்டடம் ஆகியவற்றை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசற்படியாகவும் சுவர்க்கல்லாகவும் மாறிய நங்கூரங்கள் குஜராத் கரையில் உண்டு. காலத்தை மறைக்கும் கல் பிறந்த ஊரை மறைப்பதில்லை. ஒரு சீவலை மெல்லிய தகடாக அரைத்து நுண்ணோக்கியில் வைத்தால் எரிமலைப் பாறையா, சங்கு சிப்பி உறைந்த சுண்ணாம்புக் கல்லா என்பது தெரியும், அப்படிப்பட்ட பாறை எந்தக் கரையில் இருக்கிறது என்று தேடலாம்.

காலியில் நங்கூரம் பிடிக்காமல் போன கதை ஒன்று நாள் குறிப்போடு நமக்குக் கிடைத்திருக்கிறது. 1659 ஜூலை 2. தென்மேல் காற்றின் நடுப்பருவம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அவொண்ட்ஸ்டர் என்ற கப்பல் துறையில் நின்று பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அது முன்பு ஆங்கிலேயர் கப்பல். ஒல்லாந்தர் போரில் பிடித்தது. நங்கூரம் இழுபட்டது. கப்பல் கரை நோக்கி ஒதுங்கி மணல் திட்டில் தட்டி முறிந்தது. இன்றைக்கு அது கிடப்பது ஆழ்கடலில் அல்ல, காலி நகரக் கடற்கரைச் சாலையிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி, நான்கு மீட்டர் நீருக்கடியில். பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலால் பார்க்கிற அதே நீருக்குள்.

1992இல் தொடங்கிய காலித் துறை ஆய்வில் அவொண்ட்ஸ்டர் உட்படப் பல சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. இலங்கை ஆய்வாளர்களோடு மேற்கு அவுஸ்திரேலியக் கடல்சார் அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து செய்த வேலை அது. படகின் பின்னால் சோனார் கருவியை இழுத்துக்கொண்டு போய் எதிரொலியால் கடலடியைப் படமாக்குவார்கள். காந்தமானி இரும்பைக் காட்டிக் கொடுக்கும். பீரங்கி, இரும்பு நங்கூரம் எல்லாம் அதில் அகப்படும், கல் நங்கூரம் அகப்படாது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். இடத்தைக் கண்டபின் நூல் கட்டிக் கட்டம் பிரித்து, மணலை உறிஞ்சு குழாயால் மெல்ல அகற்றி, ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே அளந்து வரைந்த பிறகே தூக்குவார்கள். அவொண்ட்ஸ்டரின் மரம் தப்பியதே மணலுக்குள் புதைந்ததால்தான். வெதுவெதுப்பான நம் கடலில் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைக் கப்பற்புழு சில ஆண்டுகளில் அரித்துவிடும். மணல் மூடினால் காற்று அற்ற இருட்டில் மரம் நூற்றாண்டுகள் கிடக்கும். வெளியே எடுத்த மரத்தை உலர விட்டால் சுருங்கி வெடிக்கும் என்பதால் நீர்த் தொட்டியிலேயே வைத்து, உப்பைக் கழுவி, மெழுகுபோன்ற வேதிப்பொருளை ஊட்ட வேண்டும். வருடக்கணக்கில் நடக்கும் வேலை. காலிக் கரையில் அந்த வேலை நடந்த கூடத்தையும் மீட்ட பொருட்களில் பலவற்றையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அடித்துக்கொண்டு போயிற்று. கடலுக்கடியில் மூன்று நூற்றாண்டுக்கு மேல் தப்பியவை கரையேறிய பின் போனது கொடுமைதான்.

இப்போது நம் ஊர்த் தண்ணீரோடு இறங்குவோம். வட்டகொடையின் ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேர்கின்றன, கொத்மலை ஓயா மகாவலியில். தீவின் மிக நீளமான அந்த ஆறு 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மேல் கொத்மலை அணையும் கொத்மலை அணையும் விக்டோரியாவும் இல்லாத காலத்தில் மலையில் கழுவப்பட்ட செம்மண் நேராகக் குடா வரை போயிருக்கும். இவ்வளவு பெரிய ஆறு கொட்டும் குடா தூர்ந்துபோய்த் துறைமுகமே இல்லாமல் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. குடாவுக்குள்ளேயே நீளும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று ஆறு கொண்டுவரும் மண்ணில் பெரும்பங்கை விழுங்கி ஆழத்துக்குச் சறுக்கி விடுகிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று திருகோணமலையைப் பள்ளிப் புத்தகம் சொல்கிறதே, அதன் பெருமையில் பாதி நீருக்கடியிலுள்ள இந்தப் பள்ளத்துக்குச் சேரும். அங்கே சுவாமி மலைப் பாறையின் அடியில், 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் முக்குளித்தபோது பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அது போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளியது, கடல் விழுங்கியதல்ல.

கொட்டியாரக் குடாவிலிருந்து மலைக்கு ஆற்றை எதிர்த்து வந்த ஒருவனையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டக் கொட்டியாரத்துக்கு வந்து நங்கூரமிட்டது. மாலுமிகள் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அவர்களில் இளைஞன் ராபர்ட் நொக்ஸ் கண்டி மலைநாட்டில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து, 1679இல் மல்வத்து ஓயாக் கரையோரமாகக் காட்டுக்குள் நடந்து மன்னாருக்கு அருகிலுள்ள அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். தப்பியவன் புத்தகம் எழுதினான். நாம் சமூகப் பாடத்தில் படித்தோம்.

நொக்ஸ் வெளியேறிய அந்த ஆற்றுவழியே மிகப் பழைய வணிக வழி. அநுராதபுரத்தைக் கடலோடு இணைத்த அதன் முனையில் இருந்தது மாதோட்டம். இன்று மாந்தை. மலையகத்தாருக்கு இந்தக் கரை அந்நியமல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் கால் வைத்த கரைக்குப் பக்கத்திலேயே, திருக்கேதீச்சரத்தை ஒட்டி, இரட்டை அகழி சூழ்ந்த ஒரு மேடு இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்ந்தார்கள். சீனப் பீங்கான், பாரசீக நீலப்பூச்சுப் பாண்டம் எல்லாம் வந்தன. 1984இல் போர் வேலையை நிறுத்தியது. போர் முடிந்தபின் மீண்டும் தோண்டி, மண்ணைச் சலித்து எடுத்த கரித்துகள்களில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு மிளகும் அதற்குப் பிந்திய ஒரு கிராம்பும் இருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கிராம்பு அக்காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது.

மாந்தையின் வித்தை திருகோணமலைக்கு நேர்மாறானது. ஆழமே அதற்குக் கிடையாது. இராமர் அணைத் திட்டுகளுக்கு மேலாகப் பெரிய கப்பல் கடக்க முடியாது. எனவே ஒரு பக்கம் வந்த சரக்கு இறங்கி, சிறு படகுகளில் மாறி, மறுபக்கம் போக வேண்டும். தடை இருந்த இடத்திலேயே சந்தை முளைத்தது. கரைக்கு வரும் சிறுபடகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும், அதற்குக் கனத்த நங்கூரம் எதற்கு? ஆழத் துறைக்கு ஒரு கருவி, ஆழமற்ற துறைக்கு வேறொன்று. மாந்தையில் இந்திய-அரபு நங்கூரத்தைத் தேடி ஏமாறுகிறவர் தேடுவதற்கு முன் கடல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

தெற்கே கொடவாய ஒரு சின்ன மீனவக் கிராமம். வளவை ஆற்று முகத்துக்கு அருகில். இங்கேயுள்ள பாறைக் கல்வெட்டு ஒன்று, துறையின் சுங்க வருவாயைக் கஜபாகு மன்னன் விகாரைக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வருகிற கயவாகு இவன்தான் என்று கொள்வது மரபு. சுங்கம் இருந்தால் கப்பல் வந்திருக்க வேண்டுமே. 2003இல் முக்குளிக்கும் உள்ளூர் மீனவர்கள் அதைக் கண்டுபிடித்துத் தந்தார்கள். கரையிலிருந்து 4 கிலோமீட்டர் அளவில், 30 மீட்டருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில், கண்ணாடிக் கட்டிகளும் இரும்பு, செம்புக் கட்டிகளும் ஏற்றிய கப்பலின் சிதைவு. கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பல் சிதைவுகளில் மிகப் பழையது. அதில் கிடைத்த அம்மிபோன்ற கல்லில் மீனும் மங்கலச் சின்னங்களும் செதுக்கியிருக்கின்றன. 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் கடல்சார் தொல்லியல் நிறுவனம், பிரெஞ்சு ஆய்வாளர்கள், இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவு எனப் பலரும் சேர்ந்து அகழ்ந்தார்கள். அந்த ஆழத்தில் அழுத்தம் கரையிலுள்ளதைப்போல் நான்கு மடங்கு. சுவாசிக்கும் நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடும் என்பதால், சாதாரணக் காற்றோடு இறங்குகிறவர் ஒரு தடவையில் ஏறத்தாழ 20 நிமிடம்தான் தாமதமின்றி மேலேறும் விதத்தில் தங்கலாம். தரையில் ஒரு நாளில் முடிகிற குழிக்கு அங்கே வாரங்கள் போகும்.

உடையும் கப்பலுக்குச் சட்டமும் இருந்தது, அதுவும் தமிழில். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் முதலில் ஊர்காவற்றுறையில் வந்திறங்க வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால் உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. படைக்கு வேண்டிய மிருகங்களைக் கொண்டுவருகிறவனை ஊக்குவிக்கும் சலுகை அது. கப்பல் உடைவது எவ்வளவு வழமையான நிகழ்ச்சி என்றால் அதற்கு முன்கூட்டியே பங்கு பிரித்துக் கல்லில் எழுதிவைக்கும் அளவுக்கு.

இந்த நிச்சயமின்மையை முடித்துவைத்தது கொழும்பு. காற்றுக்கு ஏற்ற துறையைத் தேடுவதற்குப் பதிலாக, காற்றுக்குக் குறுக்கே கல் சுவர் கட்டுவது என்று ஆங்கிலேயர் முடிவெடுத்தார்கள். கொழும்பின் தென்மேற்கு அலைத்தடுப்பு 1875இல் தொடங்கி 1885இல் முடிந்தது. அதே 1885இல்தான் புகையிரதப் பாதை வட்டகொடையைக் கடந்து நானுஓயாவைத் தொட்டது. இரண்டும் ஒரே திட்டத்தின் இரு நுனிகள்: ஒன்று சரக்கை மலையிலிருந்து இறக்க, மற்றது எந்தப் பருவத்திலும் அதைக் கப்பலேற்ற. அதுவரை நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்ற காலி வெறிச்சோடியது. சீனத் தளபதி செங் ஹெ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்து நட்ட கல்லை, 1911இல் காலி வீதியொன்றில் வடிகால் மூடியாகத்தான் கண்டெடுத்தார்கள்.

தொல்லியலுக்கு அந்த வெறிச்சோடல் லாபம். இயங்கும் பெருந்துறைமுகத்தின் அடியை ஓயாமல் தோண்டி ஆழப்படுத்துவார்கள். பழைய நங்கூரமோ பாண்டமோ இருந்தால் தோண்டும் இயந்திரத்தின் வாளியோடு போய்விடும். கொழும்பின் அடித்தரை அப்படிப் பலமுறை தோண்டப்பட்டது. காலியின் அடித்தரை அந்த அளவுக்குக் கிளறப்படவில்லை. தேயிலைப் பெட்டிகளும் பயணிகளும் கொழும்புக்குத் திரும்பிவிட்டதால், இந்திய-அரபு நங்கூரக்கல்லும் அவொண்ட்ஸ்டரும் 1992இல் ஆய்வாளர்கள் தேடி வரும் வரை காலியின் மண்ணுக்குள் கிடந்தன.